நடுங்காத கோடு

என்னை வேண்டாமென்றவர்கள் பலர். பத்திரிகை ஆசிரியர்கள், இரண்டு வங்கி முகாமையாளர்கள், ஒரு பூனை. ஆனால் நேரத்தை அளந்து, அளந்ததை என்னிடமே சொல்லிவிட்டு வேண்டாமென்றவள் ஒருத்திதான். அவள் என் தாய்மாமாவின் மகள்.

புத்தளத்தில் எங்கள் வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் நடுவில் ஒரு தகரவேலிதான். அவள் பிறந்த வாரமே, மகளை எனக்குத்தான் தருவேன் என்று மாமா என் உம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு அப்போது நாலு வயது. கருத்துக் கேட்கப்படவில்லை. மாமி சீக்கிரமே மௌத்தாகிப்போனார். அதன்பிறகு மாமாவிடம் மிஞ்சியவை உப்பளமும் மகளும் அந்த வாக்கும். மூன்றையும் ஒரே மாதிரித்தான் காவல் காத்தார்.

கலியாணத்துக்கு நாள் பார்த்த கிழமை அவள் வேலியடிக்கு வந்தாள்.

"மச்சான், ஒரு கேள்வி. யோசிக்காமச் செல்லுங்க. என்னைக் கட்ட உங்களுக்கு விருப்பமா?"

"ஓம்" என்றேன்.

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "நாலு செக்கன்."

"என்ன நாலு செக்கன்?"

"தேத்தண்ணி குடிக்கிறீங்களா எண்டு கேட்டா அரைச் செக்கன்ல ஓம் எங்கிறீங்க. இதுக்கு நாலு எடுத்தீங்க. கோபிக்காதீங்க, எனக்கும் நாலுதான் வந்திச்சு. நேத்து கண்ணாடியப் பாத்துக் கேட்டுப் பாத்தேன்."

அடுத்த மாதம் புலமைப்பரிசில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவள் ஒரு குளிர்நாட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு அவமானமும் நிம்மதியும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கின. பிறகு பக்கத்து ஊரான கனமூலையில் பெண் எடுத்தேன். மாமா மகளின் முடிவு சரியானது என்பதை என் மனைவி இருபது வருடமாக ஒத்துக்கொண்டு வருகிறாள்.

ஒத்துக்கொள்ளாதவர் மாமா ஒருவர்தான். தங்கச்சிக்குக் கொடுத்த வாக்கைத் தன் பிள்ளையே உடைத்துவிட்டாள். "இனி எனக்கு மகள் இல்ல. நான் விழுந்து கெடந்தாலும் ஆரும் அவளுக்கு ஒண்டும் செல்லக்கூடாது" என்று வீட்டு வாசலில் நின்று சொன்னார். என் உம்மா அழுது, நானே போய் "எனக்கு ஒரு கவலையுமில்ல மாமா" என்று சொல்லியும் கேட்கவில்லை. எனக்குக் கவலையில்லை என்பது அவருக்கு இன்னொரு அவமானமாகப் பட்டிருக்கலாம்.

அவளுடைய குணம் என்று ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால், தட்டிப் பார்ப்பது. சிலாபத்து மீன் சந்தையில் "இது இண்டைக்குப் பிடிச்சதா?" என்று கேட்பாள். மீன்காரன் சத்தியம் செய்ய வாயெடுக்கும்போது அடுத்த கடைக்குப் போயிருப்பாள். "பதில் வேணாம் மச்சான். பதில் வாற நேரம் ஒண்டே காணும், அது போதும்." நேராக எதையும் கேட்கமாட்டாள். சின்னதாக ஒன்றைக் கேட்டுவிட்டு, எதிரில் இருப்பவர் எப்படி அசைகிறார் என்று பார்ப்பாள். அவளோடு கதைத்துவிட்டு வந்தால், எக்ஸ்ரே எடுத்த இடத்தில் சட்டையை மறந்துவிட்டு வந்த மாதிரி இருக்கும்.

இந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுக்கவும் உலகத்தில் ஓர் இடம் இருந்தது. தன் வேலையைப் பற்றி ஒருநாள் வட்ஸ்அப்பில் முகம் காட்டிக்கொண்டு விளக்கினாள். விரல் நுனியில் அரிசிமணி அளவில் ஏதோ மின்னியது.

"இதுக்குள்ள ஒரு வளையம் இரிக்கி. லேசர் வெளிச்சத்த உள்ள விட்டாச் சுத்திச் சுத்தி ஓடும். ஒரு நிறமாப் போறது நூறு நிறமா வெளிய வரும். எல்லாத்துக்கும் நடுவுல ஒரே இடைவெளி, சீப்புப் பல்லு மாதிரி. அத வச்சு நேரத்த அளக்கலாம், தூரத்த அளக்கலாம்."

"தலை வாரலாமா?"

"உங்களுக்கு இனி அது என்னத்துக்கு?"

என் தலையைப் பற்றிய உண்மைகளை அவள் எப்போதும் சுருக்கமாகச் சொல்வாள்.

"கேளுங்க மச்சான். வளையத்துக்கு விருப்பமான நிறம் ஒண்டு இரிக்கி. லேசர் அதுலயே நேராப் போய் நிண்டா எல்லாம் குழம்பி வெறும் இரைச்சல். நல்லா விலகிட்டா சீப்பே உதிர்ந்திரும். கொஞ்சம் தள்ளி, சரியான விலகல்ல நிக்கோணும்."

"அளந்து நிப்பாட்ட வேண்டியதுதானே?"

"அங்கதான் வில்லங்கம். வெளிச்சம் ஓட ஓட வளையம் சூடாகும். சூடானா அதுட விருப்பம் நகர்ந்திரும். நேத்து அளந்தது இண்டைக்குப் பொய். அதனால ஓடிக்கொண்டிரிக்கும்போதே லேசரச் சின்னதா ஆட்டிப் பாக்கோணும். சீப்பு குழம்பாத அளவுக்கு. மெதுவா ஆட்டி, வேகமா ஆட்டி, இன்னும் வேகமா ஆட்டி. எந்த வேகத்துல வெளிச்சம் ஆகக் கூடத் திருப்பி நடுங்குதோ, அதுதான் விலகல். அதப் பாத்து லேசரத் திருத்திக்கொண்டே இருந்தா சீப்பு நாள்கணக்கா நிக்கும்."

"இதுக்கா வாப்பாவ விட்டுட்டுப் போனாய்?" என்று கேட்டேன். எனக்கு எப்போதும் பெரிதாகத்தான் ஆட்டத் தெரியும்.

அவள் சிரிக்கவில்லை. "வாப்பாவையும் அளந்துகொண்டுதான் இரிக்கேன்" என்றாள்.

அப்போதுதான் மாமாவின் போனுக்குத் தினமும் வரும் அந்த ராங் நம்பர் எனக்கு விளங்கியது.

மாமா அசர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போய் நாலேகாலுக்குத் திரும்புவார். அலுமாரிக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்காருவார். அலுமாரியின் மேலே அவருடைய பொத்தான் போன் இருக்கும். நாலரைக்கு அது அடிக்கும். மாமா எழும்பி அதைக் கையில் எடுப்பார், திரையைப் பார்க்கமாட்டார், சிவப்புப் பொத்தானில் பெருவிரலை வைத்துக்கொண்டு நிற்பார். உதடு மட்டும் அசையும். அல்லாஹ்வின் பெயரை முணுமுணுத்துத் திக்ரு செய்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு வெட்டிவிட்டு, "ராங் நம்பர்" என்பார். வருடக்கணக்காக, நாள் தவறாமல், ஒரே நேரத்துக்கு வருகிற ராங் நம்பர்.

அங்கே அவளுக்கு அது பகல் சாப்பாட்டு நேரம். ஆய்வுகூடத்துக்கு வெளியே நின்று, போன் மணியின் எத்தனையாவது அடியில் வாப்பா வெட்டுகிறார் என்று எண்ணிக் கொப்பியில் குறித்துக்கொள்வாளாம். முதல் வருடம் முழுக்க ஒன்று. அடித்த உடனே வெட்டினார். பிறகு இரண்டு. என் உம்மா மௌத்தான மாதம் மூன்றாகி, மறுபடி ஒன்றுக்கு இறங்கியது. நோன்பு மாதங்களில் கூடும். இப்போது ஐந்துக்கும் ஒன்பதுக்கும் நடுவில் நின்றது.

"ஒன்பதுக்கு வந்திட்டாரா? அப்ப இறங்கி வாறார்! டிக்கட்டப் போட்டுக்கொண்டு வந்து முன்னால நில்லு."

"நேராப் போனாச் சூடாகும் மச்சான். சூடானா வாப்பா எங்க நகருவார் எண்டு ஆருக்குத் தெரியும்? இப்ப நிக்கிது. நிக்கிறத நிக்க விடுங்க."

இன்னொன்றையும் சொன்னாள். ஒன்பது வந்தால் அடுத்த இரண்டு நாளைக்கு வாப்பாவுக்குக் கோல் எடுத்துக் கூப்பிடமாட்டாளாம். திரும்ப ஆறு ஏழுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வருமாம்.

"வாப்பாவப் பிடிச்சு வச்சிரிக்கியா, தள்ளி வச்சிரிக்கியா?" என்று கேட்டேன்.

பதில் வர நாலு செக்கன் எடுத்தது. நானும் எண்ணப் பழகியிருந்தேன்.

"சீப்பு நிக்கிதுதானே" என்றாள்.

அவளை எனக்குப் பிடிக்காமல் போன ஒரே நாள் அது. அந்த இரண்டு நாட்களிலும் மாமா எப்படி இருப்பார் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஐந்து மணி வரைக்கும் கதிரையில் இருப்பார். பிறகு போனைக் கழற்றி, பட்டரியை வேட்டியில் துடைத்துத் திரும்பப் போடுவார். இதை நான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நம்மால் ஏதாவது உடைந்துவிடும் என்ற பயத்தை அவள் எனக்கும் தொற்றவைத்திருந்தாள்.

அவள் சிரித்துச் சிரித்துச் சொன்ன ஒரு கதை உண்டு. ஒருநாள் ஆய்வுகூடத்தில் திரையில் விலகலைக் காட்டும் கோடு இரண்டு மணி நேரம் அசையாமல், அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல நின்றதாம். எல்லாரும் கைதட்டிக் கேக் வெட்டப் போய்விட்டார்கள். இவள் மட்டும் மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தாள். வயர் கழன்று கிடந்தது. கருவி கடைசியாக அளந்த எண்ணையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது.

"உசிரோட இரிக்கிற கோடு நடுங்கும் மச்சான். நடுங்காத கோடு எண்டா வயர் கழண்டு கிடக்கு, இல்லாட்டி ஆரோ பொய் எழுதுறான்."

இதை வைத்து நான் ஒரு வெள்ளிக்கிழமைக் கட்டுரையே எழுதினேன். பாடசாலையில் தமிழ் படிப்பிப்பது போக, பத்திரிகைக்கு நகைச்சுவை எழுதுவதும் என் தொழில். வாசித்து யாரும் சிரித்ததாகச் சாட்சியில்லை. எழுதியதை நானும் வாசிக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

மாமா விழுந்தது ஒரு திங்கட்கிழமை. உப்பளத்துக்குப் போய்விட்டு வந்து, காலை பத்து மணிபோல முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது பக்கம் செத்துப்போயிருந்தது. வாய் கோணி, சத்தம் மட்டும் வந்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு நானும் மனைவியும் அவரை ஏற்றிக்கொண்டு ஓடினோம். புத்தளத்திலிருந்து சிலாபத்துக்கு அனுப்பினார்கள். பின்னேரம் ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்றபோது என் போனுக்கு ஒரு செய்தி வந்தது.

"மச்சான்!! இண்டைக்கு வாப்பா வெட்டவே இல்ல. கடைசி மட்டும் விட்டார். அந்தப் பொம்புள வந்து 'பதிலளிக்கவில்லை' எண்டு செல்ற மட்டும் விட்டார். எனக்குக் கை நடுங்குது. ஒண்டும் செல்லாதீங்க அவருக்கிட்ட. பெரிசா ஆட்டிராதீங்க."

பூட்டிய வீட்டில், அலுமாரிக்கு மேலே, யாருமில்லாமல் அடித்து ஓய்ந்த போன்.

அந்தச் செய்தியை ஐந்தாறு தரம் வாசித்தேன். அவள் ஆச்சரியக்குறி போட்டு நான் பார்த்ததில்லை. என்ன எழுதுவது? "ஒண்டும் செல்லக்கூடாது" என்ற மாமாவின் வாசல் பேச்சு நினைவுக்கு வந்தது. இரண்டு கிழமையில் கொஞ்சம் தேறிவிடுவார் என்று டொக்டரும் சொல்லியிருந்தார். தேறட்டும், கதை வரட்டும், அப்போது சொல்லலாம். இப்படியெல்லாம் எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டு, "மாஷா அல்லாஹ்" என்று ஒரு சொல்லைத் தட்டி அனுப்பினேன். கோழைத்தனத்துக்கு இவ்வளவு அழகான அறபுச் சொல்லைப் பயன்படுத்தியவன் நானாகத்தான் இருப்பேன்.

அடுத்த நாள் நாலரைக்கு மாமாவின் போன் என் சட்டைப் பையில் இருந்து அடித்தது; இந்தத் தரம் அவள் இரண்டு நாள் பொறுக்கவில்லை. எத்தனையில் வெட்டுவது? ஐந்துக்கும் ஒன்பதுக்கும் சராசரி ஏழு. ஏழில் வெட்டினேன். அதற்கடுத்த நாளும் ஏழு. தமிழ் வாத்தியாரின் கணிதம்.

எட்டாம் நாள் மாமாவை வீட்டுக்குக் கொண்டு வந்தோம். அலுமாரிக்குப் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டோம். நாலரைக்குப் போன் அடித்தது. நான் எடுத்துக் கட்டிலடியில் நின்று எண்ணினேன். மூன்றாவது அடியில் மாமா என்னைப் பார்த்தார். இடது கையைத் தூக்கினார். விரல்கள் விரிந்து போனை நோக்கி வந்தன. தொண்டையில் ஒரு சத்தம்.

"வெட்டச் செல்றாரா?" என்று மனைவி கேட்டாள்.

"ஓம்" என்றேன். ஏழில் வெட்டினேன்.

கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்று இறங்கியது. அடுத்த நாளும் தூக்கினார். அதற்குப் பிறகு தூக்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து நாலரைக்கு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தக் கை வெட்டச் சொல்லவில்லை, கேட்டது என்று எனக்கு எப்போது விளங்கியது என்பதை எழுதப் போவதில்லை. மூன்றாவது அடியிலேயே விளங்கியிருக்கலாம்.

இருபதாம் நாள் அவளிடமிருந்து எனக்கு நேராகக் கோல் வந்தது. சலாம் இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நேராகவே கேட்டாள்.

"மச்சான், வாப்பாட போன வெட்டுறது ஆரு?"

"என்ன கேள்வி இது? மாமாதான்..."

"பத்தொன்பது நாள் ஏழு. ஒரு ஆறு இல்ல, ஒரு எட்டு இல்ல. வாப்பா அப்பிடி வெட்ட மாட்டார். வெள்ளிக்கிழமை கூட ஏழு. வயர் எப்ப கழண்டிச்சு மச்சான்?"

சொன்னேன். கோல் வெட்டுப்பட்டுவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன், செக்கன்கள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு, "இப்ப போன அவருட காதுல வைங்க" என்றாள்.

வேலியைத் தாண்டி ஓடினேன். மாமா முந்தின இரவிலிருந்து கண் திறக்காமல் இருந்தார். வைத்தேன். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது; கேட்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நாகரிகம் அன்றைக்குத்தான் எனக்கு வந்தது. மாமாவின் முகத்தில் ஓர் அசைவும் நான் காணவில்லை. "கேட்டாரா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். "ஓம், கண்ணு அசைஞ்சிச்சு" என்றேன். அவள் அடுத்த விமானத்தில் ஏறினாள். அவள் வானத்தில் இருக்கும்போது மாமா மௌத்தானார்.

மையித்தை நெடுநேரம் அடக்காமல் வைத்திருக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். முடிந்த மட்டும் இழுத்துப் பார்த்தேன். பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கிவிட்டோம். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து அவளை ஏற்றிய வான் வண்டி வந்து நின்றபோது, கபுறடியிலிருந்து திரும்பியவர்களின் கால்மண் முற்றத்தில் இன்னும் காயவில்லை.

அவள் அழுததை நான் பார்க்கவில்லை. உள்ளே வந்தாள், அலுமாரியைத் தொட்டாள், வாப்பாவின் கதிரையில் உட்கார்ந்தாள். பையிலிருந்து கொப்பியை எடுத்தாள். வருடங்கள் முழுக்க எண்கள். கீழே அந்த எண்களைக் கோடாகக் கீறியிருந்தாள். ஒன்றிலிருந்து நடுங்கி நடுங்கி மேலே வந்த கோடு, கடைசிப் பக்கத்தில் ஒரே தாவலாக உச்சிக்குப் போய், பிறகு விழுந்து, பத்தொன்பது நாள் அடிமட்டம் வைத்ததுபோல நேராகக் கிடந்தது. அந்த நேர்கோட்டை அவள் பென்சிலால் வெட்டியிருந்தாள். அது என்னுடையது. வெட்ட வேண்டியதுதான்.

உச்சியில் இருந்த புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

"இது அந்தத் திங்கக்கிழமை" என்றாள். "கடைசி மட்டும் அடிச்ச நாள். மிச்சம் எல்லாம் எனக்கு விளங்குது. இது ஒண்டுதான் விளங்கல்ல." விரலை அந்தப் புள்ளியில் வைத்துக்கொண்டாள். "வாப்பா விழுந்தது எத்தனை மணிக்கு மச்சான்? நான் கோல் எடுக்க முந்தியா, பிறகா?"

காலை பத்து மணிக்கு.

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். வான் வரும் மூன்று மணி நேரமும் இதற்குத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிறகுதான்" என்றேன். "அசருக்குப் போயிட்டு வந்து இதே கதிரையில இருந்தார். போன் அடிச்சு முடிஞ்சு கொஞ்ச நேரத்தாலதான்."

உடனே சொன்னேன். ஒரு செக்கன் கூடப் பிந்தவில்லை. குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

அவள் என் முகத்தைப் பார்க்காமல் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ வாடகைக் கதிரைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு, மிகச் சாதாரணமாக, "தேத்தண்ணி குடிக்கிறீங்களா மச்சான்?" என்றாள்.

வாயைத் திறந்தேன். ஓம் என்ற சின்னச் சொல் வரவில்லை. தொண்டையைச் செருமி, வேட்டியைச் சரிசெய்து, ஒருமாதிரி அதைச் சொல்லி முடித்தபோது கதிரை அடுக்கும் சத்தம் நின்றிருந்தது.

எத்தனை செக்கன் என்று அவள் சொல்லவில்லை. எழும்பிக் குசினிக்குப் போனாள். கொப்பி கதிரையில் திறந்தபடி கிடந்தது. கேள்விக்குறி இருந்த இடத்திலேயே இருந்தது. பென்சிலை மட்டும் கையோடு கொண்டு போயிருந்தாள்.